சேர்ந்து ஆடுவன எல்லாம் சமச்சீரா?

ஒரு வலைப்பின்னலில் சில கணுக்களை ஒன்றன் இடத்தில் ஒன்றாக மாற்றி வைத்தும் தொடுப்புகளின் அமைப்பு அப்படியே இருந்தால், அதற்குச் சமச்சீர் உண்டு என்கிறது கணிதம். இந்த வரையறை மிகவும் கறாரானது. ஒரே ஒரு தொடுப்பு விடுபட்டாலும் சமச்சீர் இல்லாமல் போகலாம். மூளை நரம்புகள், மின்கட்டம் போன்ற உண்மை வலைப்பின்னல்களின் தரவில் விடுபடல்கள் இல்லாமல் இராது. அங்கே கேட்க வேண்டியது, சமச்சீர் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே.

இதற்கு இயக்க மாதிரிகள் ஒரு வழி காட்டுகின்றன. ஒவ்வொரு கணுவிலும் ஒரேமாதிரியான ஊசலியை வைத்து, அண்டை ஊசலிகளோடு பிணைத்து ஓடவிடுகிறார்கள். குராமோட்டோவின் 1975ஆம் ஆண்டு மாதிரியில் பிணைப்பு இருந்தால் போதும், எல்லா ஊசலிகளும் ஒரே கட்டத்துக்கு, அதாவது ஆட்டச் சுழற்சியின் ஒரே நிலைக்கு, வந்துவிடக்கூடும். எதையும் பிரித்தறிய முடியாது. 1986இல் சகாகுச்சியும் குராமோட்டோவும் பிணைப்பில் ஒரு கட்டப் பின்னடைவைச் சேர்த்தனர். அதன்பின் ஒவ்வொரு கணுவும் தான் இருக்கும் இடத்துக்கு ஏற்ற கட்டத்தில் நிலைகொள்கிறது. சமச்சீரான கணுக்கள் நேரடித் தொடுப்பின்றித் தொலைவில் இருந்தாலும் ஒரே கட்டத்தில் ஆடுவதை 2013இல் நிக்கோசியா குழுவினர் காட்டினர். அப்படியானால் இரு கணுக்களின் கட்ட வேறுபாடு சிறிதாக இருப்பதை ஏறத்தாழச் சமச்சீரின் அறிகுறியாகக் கொள்ளலாம்.

ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இருந்த இடத்தில் படிநிலைகள் கிடைப்பது இம்முறையின் முதல் நன்மை. கணக்கும் எளிது: கட்ட வேறுபாடுகள் சிறியவையாக இருக்கும்போது நேரியல் சமன்பாடுகளே போதும்.

சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. சமச்சீர் இருந்தால் கட்டம் ஒக்கும். கட்டம் ஒத்துவிட்டதால் சமச்சீர் இருந்தாக வேண்டியதில்லை. ஃப்ருக்ட் வரைபடத்தில் 12 கணுக்கள், ஒவ்வொன்றுக்கும் 3 தொடுப்புகள். எந்த இரண்டையும் இடம் மாற்ற முடியாது. சமச்சீர் துளியும் இல்லை. ஆனால் எல்லாக் கணுக்களுக்கும் அண்டைகளின் எண்ணிக்கை ஒன்றே என்பதால், இந்த மாதிரியில் 12 ஊசலிகளும் ஒரே கட்டத்தில் ஆட முடியும். கணிதம் ஒரு இணையைக்கூட ஏற்காத இடத்தில் மாதிரி அனைத்தையும் ஒன்றெனச் சொல்லிவிடுகிறது. ஒரு கணுவின் சூழல் முழுவதையும் ஒற்றை எண்ணாகச் சுருக்குவதன் விலை இது. பின்னடைவை எவ்வளவு வைப்பது, எந்த வேறுபாடு வரை 'சிறிது' எனக் கொள்வது என்பவையும் ஆய்வாளர் எடுக்கும் முடிவுகளே. அவை மாறினால் ஏறத்தாழச் சமச்சீரான இணைகளின் பட்டியலும் மாறலாம்.

ஆகவே இம்முறையை முதல் சல்லடையாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. பின்னடைவைப் பலவாறு மாற்றியும் நிலைக்கும் இணைகளை மட்டும் எடுத்து, எத்தனை தொடுப்புகளைத் திருத்தினால் அவை உண்மையிலேயே சமச்சீராகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லாத முடிவு, வலைப்பின்னலைப் பற்றியதா மாதிரியைப் பற்றியதா என்று வாசகரால் பிரித்தறிய முடியாது.