காவல்கிணறு தாண்டினால் தெரியும்

நாகர்கோவிலில் வண்டியை எடுத்தால் தூரமாகப் போக இரண்டே திசைதான். மேற்கே திரும்பினால் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை. கிழக்கே திரும்பினால் தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு. அங்கிருந்து திருநெல்வேலி வரைக்கும் நான்குவழிச்சாலை. தெற்கே போனால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும், வடக்கே போனால் மலை. பழைய கிளாசிக் 350-ஐக் கொடுத்துவிட்டுப் புதிய கிளாசிக் 350 எடுக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஓட்டம் எந்தப் பக்கம்?

என்னுடையது கார்புரேட்டர் காலத்து ராயல் என்ஃபீல்டு கிளாசிக். மச்சினன் வைத்திருப்பது 2021 செப்டம்பரில் வெளிவந்த ஜே வரிசை இன்ஜின் கொண்ட கிளாசிக். அவன் துபாயில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்து கிளம்பும்போது, “சும்மா மூடிப் போட்டுராதிய அத்தான், ஓட்டிக்கிட்டே இருங்க” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஆனியும் ஆடியும் முழுக்க இரண்டு வண்டியும் ஒரே கொட்டகையில் நின்றன. ஒருநாள் அது, ஒருநாள் இது என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுப் போய் வந்து சொல்லும் அபிப்பிராயம் அல்ல இது.

காகிதத்தில் உள்ள எண்களை வைத்து முடிவெடுப்பதாக இருந்தால் மாற்றவே வேண்டாம். 346 சிசி 349 ஆகியிருக்கிறது. 19.8 குதிரைத்திறன் 20.2 ஆகியிருக்கிறது. டார்க் 28 நியூட்டன் மீட்டரிலிருந்து 27-ஆகக் குறைந்தே இருக்கிறது. எடை இரண்டும் ஏறக்குறைய 195 கிலோ. தூரத்தில் நிற்கையில் எது பழசு, எது புதுசு என்று பழகிய கண்ணுக்குத்தான் பிரிக்கத் தெரியும். ஆனால் இந்த எண்கள் எதிலும் வராத ஒன்று புது இன்ஜினுக்குள் இருக்கிறது. பேலன்சர் ஷாஃப்ட்.

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஒரே ஒரு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பழைய இன்ஜினில் அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். உச்சியில் நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் எழும் உதறலைத் தாங்கிக்கொள்ள எதிரே வேறொன்றும் கிடையாது. சேசிஸ்தான் வாங்குகிறது, வாங்கி, ஹேண்டில்பாருக்கும் கால்மிதிக்கும் அனுப்பி வைக்கிறது. புதிய இன்ஜினில் கிராங்குக்கு எதிர்த்திசையில் சுழலும் ஓர் எடை அந்த உதறலில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. உதறல், இன்ஜின் சுற்றும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். டாப் கியரில் அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. உதறும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பழைய வண்டியை அறுபதுக்குள் ஓட்டுகிறவரும் எண்பதில் ஓட்டுகிறவரும் ஒரே வண்டியைப் பற்றிப் பேசவில்லை. டீக்கடைகளில் இந்த இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொள்வதன் காரணம் இதுதான்.

மேற்கே போகையில் பேலன்சருக்கு வேலையே இல்லை. அந்தப் பக்கம் நான்குவழிச்சாலை வேலை ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டே கிடக்க, ஊரே பழைய ரோட்டில்தான் ஓடுகிறது. முன்னே கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி, பின்னே ஆரனை அமுக்கிப் பிடித்தபடி பேருந்து. தக்கலை தாண்டும்வரை ஐம்பதைத் தொட்டாலே அதிகம். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் மூச்சு விடலாம். இறங்கியதும் பழையபடி ஊர்ந்து போக வேண்டியதுதான். இந்த ஓட்டத்துக்கென்றே செய்தது போலப் பழைய இன்ஜின் நடந்துகொள்ளும். நாற்பதில் டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது லாரி விலகினால், கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும், முனகாமல் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சுகத்தில் புதியது ஒரு பிடி குறைவு என்றே சொல்வேன்.

மேற்கே போகிறவர் புதியதை எடுக்க வலுவான காரணம் ஒன்று உண்டென்றால் அது ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் கட்டாயமானது. என்னுடையது அதற்கு முந்தியது. நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வருகிறது, இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. குலசேகரம் பக்கம் ரப்பர் மர நிழலில் ரோடு காய்வதே இல்லை. ஈரத்தில் எதிரே ஆட்டோ திடீரென்று திரும்பும்போது முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்கிறது என்பதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதற்காக மட்டும் ஒருவர் வண்டியை மாற்றினால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

இனி கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டுக் கொடுத்த இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகப் பாய்வதால்தான் முப்பந்தலில் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை நிற்கிறது. ஆடியில் அந்த வழியாக நூற்றுப் பத்து சிசி வண்டியில் போனவர்களுக்குத் தெரியும், மலை மறைப்பு விலகும் இடங்களில் யாரோ தோளில் கைவைத்துத் தள்ளுவது போல வண்டி ஓரடி நகரும். காவல்கிணறு தாண்டி வடக்கே திரும்பியதும் அதே காற்று இடப்பக்கம் வந்து அறையும். 195 கிலோ எடை அங்கே வரம். பழைய கிளாசிக்கும் அங்கே அசையாது; அந்த விஷயத்தில் இரண்டுக்கும் நான் சம மதிப்பெண் போடுவேன்.

வேறுபாடு தொடங்குவது பணகுடி கழிந்து எண்பதில் நிலைத்த பிறகு. பழையதில் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பேருந்தா என்று தெரியாது. ஏதோ ஒன்று பெரிதாக வருகிறது, அவ்வளவுதான். வள்ளியூர் வரும்போது உள்ளங்கை மரத்துப்போகத் தொடங்கும். காற்றுக்கு ஈடுகொடுக்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உதறல் கூடுதலாகக் கைக்கு ஏறும். காற்றும் உதறலும் சேர்ந்து ஆளைக் களைக்க வைப்பது இப்படித்தான். தனித்தனியாக இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். புதியதில் அதே எண்பதில், அதே காற்றில், பின்னால் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை கண்ணாடியில் தெரிகிறது. முன் ஃபோர்க் 35 மில்லிமீட்டரிலிருந்து 41-ஆகப் பருத்திருப்பதும், சேசிஸில் முன்பு ஒன்றாக இறங்கிய குழாய் இப்போது இரண்டாக இறங்குவதும் அங்கேதான் புரிகிறது. காற்று அடித்தால் வண்டி மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக நிமிர்கிறது. முன்பாதி ஒன்று சொல்ல, பின்பாதி வேறொன்று சொல்வதில்லை.

திரும்பி வரும்போது கணவாய்க்குள் எதிர்க்காற்று. அது இன்னும் கடினமான பரீட்சை. பழைய இன்ஜின் தன் முழு பலத்தையும் 5250 சுற்றில் கொடுத்துவிடும். அந்தச் சுற்றில் அதை வைத்திருக்க நமக்கே மனசு வராது. புதியது 6100 வரை போகும், போகையில் கெஞ்சாது. நான்காம் கியரில் இறக்கி எழுபதைப் பிடித்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குள் நுழைவது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

இதற்கெல்லாம் மேலான சாட்சி என் மனைவி. பாளையங்கோட்டை அவள் பிறந்த ஊர். வண்டி ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் கால்மிதி ஒன்றுதான். பழைய வண்டியில் நாங்குநேரி தாண்டுவதற்குள் “கொஞ்சம் நிறுத்துங்க, காலு பெருவுது” என்பாள். புதியதில் பாளையங்கோட்டை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் சொன்னது: “தம்பி வந்தா இத அவன்கிட்ட குடுக்கணுமா?”

சத்தம் போய்விட்டது, அந்தப் பழைய ‘டுப் டுப்’ இல்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. திருவொற்றியூரில் 1956 முதல் புல்லட் செய்து வந்த கம்பெனி அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தது என்பது உண்மைதான். நானும் அந்தச் சத்தத்துக்காகவே முதலில் வாங்கினவன். ஆனால் புதிய வண்டி நிற்கையிலும் ஊருக்குள் உருளும்போதும் அந்தத் தாளம் இருக்கவே செய்கிறது. சற்று அடங்கிய குரலில். காதுக்குக் குறைந்ததை விடக் கைக்குக் கிடைத்தது பல மடங்கு அதிகம்.

என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. கிக்கர். புதிய வண்டியில் அது இல்லை. வலது பக்கம் வெறும் மூடி. கிக்கர் இக்காலத்துக்குத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் வண்டிகள் எப்படி வாழ்கின்றன என்று பார்க்க வேண்டும். இங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. வண்டி கொட்டகையில் தார்ப்பாய் மூடி நிற்கும். நின்றால் பேட்டரி இறங்கும். செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் தெம்பு பேட்டரிக்கு இருக்காது. தீப்பொறிக்கு வேண்டிய கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும். அந்த இடைநிலையில்தான் கிக்கர் ஆளைக் காப்பாற்றுகிறது. நாலு உதை, வண்டி பிடித்துக்கொள்ளும், அரைமணி ஓடினால் பேட்டரியும் தேறிவிடும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் கிக்கராலும் பயனில்லை, அது வேறு. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நமக்கு வருவது அரைகுறை பேட்டரிதான். புதிய வண்டியில் அப்போது இருக்கும் வழி, 195 கிலோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது. வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் யார் தள்ளுவது? குளச்சலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னார்: “கடலுக்குப் போற ஆளுகளுக்கு இந்த வண்டி நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. கிக்கர் இல்லேல்லா, அதாக்கும் காரியம்.” கம்பெனி இதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எடையைக் காரணம் சொல்லக்கூடாது. ஏற்கெனவே 195 கிலோ இருக்கிறது.

ஸ்போக் சக்கரம் எடுத்தால் இன்னும் ட்யூப் டயர்தான், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். குரோமைக் கடற்காற்று விடாது. முட்டம், மணவாளக்குறிச்சிக்காரர்கள் குரோம் பளபளக்கும் நிறத்தை விட்டுக் கறுப்பாக எடுப்பது நல்லது. பெட்ரோல் அளவைக் கட்டம் கட்டமாகக் காட்டும் சிறு திரை வந்திருப்பது மகிழ்ச்சி. டேங்கைத் திறந்து குலுக்கிப் பார்க்கும் பழக்கம் ஒழிந்தது.

பெட்ரோலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோர ஈரக்காற்றில், அரை டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்கும் கார்புரேட்டர் வண்டிக்கு அது நல்லதல்ல. டேங்கின் அடியில் தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ரப்பர் குழாய்கள் சீக்கிரம் தளரும். 2023-க்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தக் கலவைக்கு ஏற்ற பொருள்களே இருக்கின்றன. பழையதை வைத்துக்கொள்கிறவர்கள் டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள், குழாய்களை மாற்றிவிடுங்கள்.

பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதியது மலிந்தால் பழையதன் விலையும் கூடவே இறங்கும் என்பதை எக்ஸ்சேஞ்சுக்குப் போனவர்கள்தான் அறிவார்கள். வரிக்குறைப்பில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கே கரைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேலான வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அதையும் கணக்கில் சேருங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று சொல்வதைத் தனியாகவும், பழைய வண்டிக்குப் போடும் விலையைத் தனியாகவும் எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து சொன்னால் எங்கே குறைந்தது என்று தெரியாது. இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய வண்டி கைமாறிய பிறகும் ஆர்சி உங்கள் பெயரிலேயே கிடந்தால், விபத்து நடக்கும்போது இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பெயர் மாறாமல் யார்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

நான் மாற்றப் போகிறேன். தக்கலை ஓட்டம் மட்டும் இருந்தால் மாற்ற மாட்டேன். ஏபிஎஸ்ஸுக்காக யோசித்திருப்பேன், அவ்வளவே. இப்போது மாமனாருக்கு உடம்பு சரியில்லை, பாளையங்கோட்டைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, பின்னால் உட்காருகிறவளின் கால் எனக்கு முக்கியம். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடவில்லை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்துக்கும் வீட்டுக்கும், மிஞ்சிப்போனால் மார்த்தாண்டம் சந்தைக்கும்தான் அவர் ஓட்டம். கடைக்காரர் போட்ட விலையை விட அவர் சொன்னது கூடுதல். கிக்கரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆர்சி மாற்றும் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி.