இணையவழி இலவச அலுவலக மென்பொருளும் தொடக்கப்பள்ளித் தமிழும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கடிதம் எழுதுதல், கணக்கிடுதல், காட்சியுரை அமைத்தல் ஆகிய அலுவலகப் பணிகளுக்கென உருவான மென்பொருள்கள் இன்று தொடக்கப்பள்ளி வகுப்பறையிலும் இடம்பெற்றுள்ளன. சோஹோ நிறுவனத்தின் 'ரைட்டர்' 2005இல் வெளிவந்தது. கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கான தன் தொகுப்பை 2006இல் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தகைய கருவிகள் இந்தியாவில் விரைந்து பரவின. இவற்றைக் கணினியில் நிறுவ வேண்டுவதில்லை, விலையும் இல்லை. மாணவர் பலர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து எழுதலாம். முந்தைய வடிவங்கள் காக்கப்படுவதால், ஒரு தொடர் எவ்வாறு படிப்படியாகத் திருந்தியது என்பதை ஆசிரியர் காணலாம். இவை எழுத்துப் பயிற்சிக்கு உண்மையான நலன்களே.

ஆயினும், இவற்றைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் விலை, இணைய வசதி, பாதுகாப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. எழுத்தையும் சொல்லையும் கற்கும் பருவத்துக் குழந்தைக்கு இக்கருவி எத்தகைய மொழியைக் கற்பிக்கிறது என்னும் வினா எழுவதில்லை. இயலுமிடத்தெல்லாம் குறைந்தது 5ஆம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் நிலைப்பாடு. அந்நிலையில் எழுதுகருவியின் மொழியும் பயிற்றுமொழியின் ஒரு பகுதியாகிறது. எழுத்து, சொல், கட்டளை என்னும் மூன்று நிலைகளில் அதனை ஆராயலாம்.

2. எழுத்து

தமிழை உள்ளிடுவதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று உரோமன் எழுத்துவழி ஒலிபெயர்ப்பு. 'பள்ளி' என எழுத விரும்பும் குழந்தை உரோமன் எழுத்துகளில் அச்சொல்லை ஒலிப்படி தட்டும்போது, 'பள்ளி', 'பல்லி' என்னும் இரண்டுக்கும் ஒரே உரோமன் வடிவமே கிடைக்கிறது. 'மனம்', 'மணம்' என்பனவும் அவ்வாறே. கருவி காட்டும் பட்டியலிலிருந்து குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் தொடக்கப்பள்ளி எழுத்துப் பயிற்சியின் உயிர்நாடி. அவ்வேறுபாட்டை எழுதிக் கற்க வேண்டிய குழந்தை அதனைக் கண்டு தெரிவு செய்வதோடு நின்றுவிடுகிறது. தமிழை எழுத முதலில் வேற்று எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலையும் உருவாகிறது.

இதற்கு மாற்று நெடுங்காலமாகவே உண்டு. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடப்புறமும் மெய் வலப்புறமும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' தோன்றும். ஒரே மெய் இரட்டிக்கும்போதும் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போதும் புள்ளி தானே இடப்படுகிறது. மெய்ம்மயக்க விதியை விரலே கற்றுக்கொள்கிறது எனலாம். இலக்கணத்தை ஒட்டிய இம்முறை வகுப்பறையில் முதலிடம் பெறாமை வியப்புக்குரியது.

3. சொல்

எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோட்டால் சுட்டும் வசதி பெரியோருக்கு உதவி. குழந்தைக்கோ அது ஆசிரியரின் சிவப்பு மையேயாகும். சொற்பட்டியலை அடிப்படையாகக் கொண்ட சரிபார்ப்பி ஒட்டுநிலை மொழியில் எளிதில் தடுமாறும். 'வீட்டிலிருந்துதான்' என்பது பிழையற்ற வடிவம். 'வீடு' என்பதன் டகரம் இரட்டித்து, 'இல்', 'இருந்து', 'தான்' என்பன அடுத்தடுத்து ஏறியுள்ளன. இவ்வடிவம் பட்டியலில் இல்லையெனில் கோடு விழும். மாறாக, 'பூனை பாலை குடித்தது' என ஒற்று விடுபட எழுதினால் கோடு விழாது. தனிச்சொல்லாக நோக்கும்போது 'பாலை' பிழையன்று. ஒற்று மிகுதல் அடுத்த சொல்லைப் பொறுத்தது. இவ்வாறு சரியைத் தவறென்றும் தவறைச் சரியென்றும் கூறும் கருவி, ஐயுறத் தெரியாத வயதினர்முன் வைக்கப்படுகிறது.

இது தொழில்நுட்பத்தின் இயலாமை அன்று. லிபரே ஆபீசு பயன்படுத்தும் 'ஹன்ஸ்பெல்' என்னும் சரிபார்ப்பி, ஒட்டுகள் மிகுந்த ஹங்கேரிய மொழிக்கென முதலில் உருவாக்கப்பட்டது. அதன் விதியமைப்பில் ஒட்டுகளுக்கு இடமுண்டு. தமிழ் உருபனியல் ஆய்வு அத்தகைய விதிகளாக வடிவம் பெற்று இக்கருவிகளைச் சென்றடைய வேண்டும். இக்கடமை மொழியியலாளரைச் சார்ந்தது.

4. கட்டளை

பட்டிச் சொற்களின் மொழிபெயர்ப்பில் இருவகைச் சிக்கல்கள் உள்ளன. முதலாவது, பேசுவோர் யார் என்பது. 'சேமி', 'நீக்கு' என்பன குழந்தை கருவிக்கு இடும் கட்டளைகள். 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்பது கருவி குழந்தையிடம் வைக்கும் வேண்டுகோள். ஆங்கில வினையடி இரண்டுக்கும் ஒரே வடிவில் நிற்கிறது. தமிழில் ஏவல் ஒருமையும் மரியாதை வடிவமும் வேறாவதால் மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே ஆக வேண்டும். ஒரே பட்டியில் 'சேமி', 'அச்சிடவும்', 'நகலெடுத்தல்' என மூவகை வடிவங்கள் கலந்து வருமாயின், யார் யாரை ஏவுவது என்பது குழந்தைக்கு விளங்குவதில்லை.

இரண்டாவது, பெயருக்கு இடம் விட்டு அமைக்கப்படும் தொடர்கள். அவ்விடத்தில் மாணவரின் பெயர் புகும்போது 'மாலா க்கு அனுப்பப்பட்டது' என உருபு தனித்து நிற்கும். வேற்றுமை உருபு பெயரோடு சேர்ந்தே வரும் என்று பாடநூல் கற்பிப்பதைத் திரை மறுக்கிறது. 'பெறுபவர்: மாலா' எனத் தொடரையே மாற்றியமைப்பதே தக்க தீர்வு.

சொல் தெரிவிலும் கருத்து வேண்டும். உண்டியலில் காசு சேர்க்கும் குழந்தைக்குச் 'சேமி' எளிதில் விளங்கும். 'பகிர்' அத்தகையதன்று. தின்பண்டத்தைப் பகிர்ந்தால் தன் பங்கு குறையும். ஆவணத்தைப் பகிர்ந்தால் குறையாது, ஆனால் பிறர் அதனைத் திருத்தவும் நேரலாம். இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்கியே ஆக வேண்டும்.

5. முடிவுரை

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரு சொல்லில் அடங்கும் இரு பொருள்களைத் தமிழ் 'இலவசம்', 'கட்டற்றது' எனப் பிரித்துக் காட்டுகிறது. இப்பிரிப்பு இங்கு மிகவும் பயன்படுகிறது. கட்டற்ற மென்பொருளின் மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் மொழியறிந்தோர் திருத்தலாம். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளை ஏற்றது இவ்வகையில் நோக்கத்தக்கது. நிறுவனம் ஒன்றின் இலவச இணையச் சேவையிலோ பயனர் பிழையைச் சுட்டலாமேயன்றித் திருத்த இயலாது. இலவசமாகக் கிடைப்பது திருத்தும் உரிமையைத் தருவதில்லை.

எனவே இக்கருவிகளை விலக்குதல் தேவையன்று. பாடநூலைப் போல மொழிநோக்கில் மதிப்பிட்டு ஏற்றலே தேவை. தமிழ்99 விசைப்பலகையை முதலில் பயிற்றுதல், தொடக்க வகுப்புகளில் சிவப்புக் கோட்டை நிறுத்தி வைத்தல், பட்டிச் சொற்களை மொழியியலாளரும் ஆசிரியரும் கூடி ஒருமுகப்படுத்துதல் ஆகியவை உடனே இயலக்கூடியவை. அலுவலகத்திற்கென அமைந்த கருவிக்கு ஏற்பக் குழந்தையின் தமிழ் வளைவதினும், குழந்தையின் தமிழுக்கு ஏற்பக் கருவி வளைவதே முறையாகும்.