வகுத்தலும் கணக்குக் காட்டலும்

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்து ஐந்தாம் குறள் அரசனுக்குரிய பொருள்வினைகளை நான்காகக் கூறும். பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததைத் திரட்டல், திரட்டியதைக் காத்தல், காத்ததை வகுத்தல் என்பன அவை. இறுதியில் நின்ற வகுத்தலுக்கு, அறம் பொருள் இன்பங்களின்பொருட்டுச் செலவிடுதல் எனப் பரிமேலழகர் பொருள் காண்பர். எதன்பொருட்டுச் செலவிடுவது என்பது இவ்வுரையால் விளங்கும். யாருக்கு எவ்வளவு சென்றது என்பதைக் குடிகள் அறிதல் வேண்டுமா என்னும் வினாவோ எஞ்சி நிற்கும். அதனை ஆராய்தற்கு மலேசிய நிகழ்ச்சி ஒன்று உரைகல்லாகும்.

2020 மார்ச் 27 அன்று ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கத்தில் இரு குடியிருப்புகள் கொரோனா நோயின் காரணமாக முற்றும் அடைக்கப்பட்டன. அதே நாளில், ஜொகூரின் பாகோ தொகுதி உறுப்பினரும் அந்நாள் பிரதமருமான முகைதீன் யாசின் 25,000 கோடி வெள்ளித் திட்டத்தை அறிவித்தார். 'பிரிஹாத்தின்' என்பது அதன் பெயர். பரிவு என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். நாட்டின் உணவு வளத்தைக் காக்க அதில் 100 கோடி வெள்ளி ஒதுக்கப்பெற்றது. தகுதியுடைய வட்டார விவசாயிகள் சங்கத்துக்கும் மீனவர் சங்கத்துக்கும் தலைக்கு 1 இலட்சம் முதல் 2 இலட்சம் வெள்ளி வரை கிடைக்கும் என்றும் கூறப்பட்டது.

பரிவில் குறை காண்பார் இலர். குறை கணக்கிலேயே உளது. நிதியமைச்சின்கீழ் அமைந்த லக்சானா என்னும் அமைப்பு வாரந்தோறும் அறிக்கை வெளியிட்டமை பாராட்டத்தக்கதே. எனினும் அவ்வறிக்கைகள் பெரிதும் நாடளாவிய தொகைகளையே கூறின. அவற்றைக் கொண்டு ஓர் ஊரின் உழவர், தம் வட்டாரத்துக்கு வந்தது எவ்வளவு எனக் கணித்தல் அரிது. உதவி கிட்டாத ஒருவர், அரசு கொடுக்கவில்லையா, கொடுத்தும் இடைவழியில் நின்றதா என்பதையும் அறியார்.

வினவி அறியும் வழியும் குறுகியே இருந்தது. 2020 மே 18இல் கூடிய மக்களவை மாமன்னர் உரையோடு ஒரே நாளில் முடிந்தது, விவாதம் நிகழவில்லை. கோவிட் நிதிக்குரிய சட்டம் ஆகஸ்டு மாதத்திலேதான் அவ்வவையில் நிறைவேறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டமோ அந்நாளில் சிலாங்கூர், பினாங்கு என்னும் இரு மாநிலங்களில் மட்டுமே இருந்தது, ஜொகூரில் இல்லை.

உயிர் காக்கும் வேளையில் கணக்குக் கேட்பது முறையா எனச் சிலர் தடை எழுப்பலாம். அதற்குத் தமிழ்நாடு விடை தரும். உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் இந்திய அரசின் திட்டத்தில், அதே 2020இல் பதிவு முறை எளிதாக்கப்பட்டபோது, உழவர் அல்லாதார் உள்ளிட்ட 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றோர் அங்கே புகுந்தனர். 110 கோடி ரூபாய் அளவில் முறைகேடு நிகழ்ந்ததாக மாநில அரசே கூறியது. விரைவு நன்று, காவலற்ற விரைவு உரியவர் பங்கை உரிமையற்றவர்க்கு ஆக்கும்.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலினின்று விலக்கியது. அவ்விதி சுவடியில் மறைந்து கிடவாமல், ஊரார் காணும் சுவரில் பொறிக்கப்பெற்றமையும் கருதத்தக்கது.

வறியவர் பெயரை அம்பலத்தில் தொங்கவிடுதல் முறையன்று என்பது உண்மை. ஆயின் சங்கங்களும் நிறுவனங்களும் பெற்ற பொதுப்பணத்தை ஊர்வாரியாக எழுதி வைத்தலில் எவர் மானமும் கெடாது.

அக்குறள் நான்கு வினைகளையும் செய்வதே அரசு என்று நில்லாமல், அவற்றில் வல்லதே அரசு என்று முடிதல் காண்க. வல்லமை என்பது பிறர் கண்டு மதிப்பிடுவது. கணக்கை மறைத்து வகுத்தவன் வல்லவனா அல்லனா என்பதை எவர் அறிவார்? ஆதலின் காட்டுதலும் வகுத்தலின் உள்ளே அடங்கும் எனக் கோடலே பொருத்தம்.