பிரமிட்டுகளும் உழைத்தவன் கையும்

எகிப்தியப் பிரமிட்டுகள் வேற்றுலகத்தார் துணையால் எழுந்தவையோ என்னும் ஐயத்தை, எரிக் வொன் டெனிக்கன் 1968இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரப்பிற்று. மறைந்துபோன மாபெரும் தொழில்நுட்பத்தைத் தேடுவோரும் அவ்வழியே செல்கின்றனர்.

செம்புக் கருவி கருங்கல்லை வெட்டுமா என்பது இவர்தம் வினா. செம்பு வெட்டவில்லை, செம்பு வாளின்கீழ் இட்ட மணலே கல்லை அராவியது. டெனிஸ் ஸ்ரொக்ஸ் என்னும் ஆய்வாளர் இதனைச் செய்தே காட்டினார். அஸ்வானில், வெடிப்புக் கண்டமையாற் கைவிடப்பட்ட ஏறத்தாழ 42 மீற்றர் நீளத் தூணிலே, கல்லுருண்டைகளால் இடித்த தழும்புகள் இன்றும் உள.

2013இல் செங்கடற்கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்னுமிடத்திற் கிடைத்த பப்பைரசு ஏடுகளோ மேலும் தெளிவானவை. மெரர் என்னும் மேற்பார்வையாளன், தூராவின் சுண்ணாம்புக்கல்லைத் தன் குழுவினர் படகேற்றிக் கீசாவுக்குக் கொணர்ந்ததை அவற்றில் நாள்தோறும் குறித்துள்ளான். கூபு மன்னனின் பிரமிட்டு எழுந்த காலம் அது.

கற்களை மேலேற்றிய சாய்தளங்களின் அமைப்புப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விடைவெளியில் விண்ணவரைக் கொண்டுவந்து இறக்குவது ஆராய்ச்சியாகாது. முன்னர் மன்னனுக்கு மட்டுமே அளித்த புகழை இந்நூல்கள் விண்ணவருக்கு மாற்றுகின்றன. கல்லிழுத்தவனுக்கு இரண்டிலும் இடமில்லை. வகுப்பறையில் இவ்வினா எழும்போது, மெரரின் குறிப்பை முதலில் எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.