‘மயூரி’ திரைப்படமும் நம் பிரசங்க மேடையும்

உடற்குறையுடைய ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்கும்போது திரையுலகம் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கிறது. இடர் நேருகிறது, கண்ணீர் பெருகுகிறது, மனவுறுதி வெல்கிறது, அரங்கம் கைதட்டுகிறது. இவ்வகைப் படங்களுள் குறிப்பிடத்தக்கது, 1985ஆம் ஆண்டு தெலுங்கில் வெளியாகித் தமிழிலும் மொழிமாற்றம் பெற்ற ‘மயூரி’. இத்தகைய கதைகள் நம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டுகளாக அடிக்கடி இடம்பெறுவதால், இப்படத்தை ஆராய்வது இறையியல் மாணவருக்கும் சபைப் போதகருக்கும் பயன்தரும் என்று கருதுகிறோம்.

படத்தின் மூலம் ஓர் உண்மை வாழ்க்கை. பரதநாட்டியம் பயின்ற சுதா சந்திரன் 1981ஆம் ஆண்டு பெற்றோருடன் பயணம் செய்கையில் திருச்சிராப்பள்ளி அருகே பேருந்து விபத்திற்குள்ளானார். காயத்தில் நச்சுப் பரவியதால் அவருடைய வலக்காலின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்டது. பின்னர் ‘ஜெய்ப்பூர் கால்’ எனப்படும் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, வலியுடன் பயின்று, 1984ஆம் ஆண்டு பம்பாயில் மீண்டும் மேடையேறினார். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்க, ராமோஜி ராவ் தயாரித்த படத்தில் சுதா சந்திரனே கதைத்தலைவியாக நடித்தார். தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தது. 1986ஆம் ஆண்டு இப்படம் ‘நாச்சே மயூரி’ என இந்தியிலும் எடுக்கப்பட்டது.

படத்தின் முதன்மைச் சிறப்பு இங்கேதான் உள்ளது. துன்பத்தை அனுபவித்தவரே திரையில் நின்று தம் கதையைச் சொல்கிறார். இன்றும் இது அரிதே. பார்வையற்ற தொழிலதிபர் ஸ்ரீகாந்த் பொல்லாவின் வாழ்க்கையைக் கூறிய ‘ஸ்ரீகாந்த்’ என்னும் 2024ஆம் ஆண்டு இந்திப் படத்தில்கூடப் பார்வையுள்ள நடிகரே தலைமைப் பாத்திரம் ஏற்றார். ‘மயூரி’யில் நாம் காணும் கால் நடிப்புக்காக மறைக்கப்பட்ட கால் அன்று, உண்மையாகவே இழந்த கால். இந்நேர்மைக்காகப் படத்தைப் பாராட்டுவது நம் கடமை.

ஆயினும், அதே படம் நம்மிடம் ஓர் ஆபத்தான எண்ணத்தையும் விதைக்கிறது. காதலன் கைவிடுகிறான், கைவிடப்பட்டவள் மனவலிமையால் எழுகிறாள், இறுதியில் ஆடி வெற்றி கொள்கிறாள். கொடுமையும் ஒரு தனிமனிதனுடையது. வெற்றியும் ஒரு தனிமனிதருடையது. நமக்கோ எவ்வித வேலையும் இல்லை; கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கைதட்டினால் போதும்.

உண்மை அவ்வாறன்று. அந்த மேடைக்குப் பின்னால் பலர் நிற்கின்றனர். ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும், மிகுந்த பள்ளிப்படிப்பு இல்லாத கைவினைஞர் ராமசந்திர சர்மாவும் சேர்ந்து 1968ஆம் ஆண்டளவில் அக்காலை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் காலணிக்கும் நாற்காலிக்கும் ஏற்றது. இவர்கள் செய்த ரப்பர்க் காலோ வெறுங்காலுடன் நடக்கவும், தரையில் சம்மணமிட்டு அமரவும், வயலில் இறங்கவும் ஏற்றது. சேத்திக்கு 1981ஆம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை அறிந்தோர் சிலரே. மனவுறுதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கால் செய்யும் கையும், விலை கொடுக்க இயலாதவனுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் இல்லையேல், மனவுறுதி தரையிலேயே தவழ வேண்டியதுதான்.

இன்னொரு செய்தியையும் நினைவிற்கொள்ள வேண்டும். படம் வெளியாகி 36 ஆண்டுகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டு அக்டோபரில், சுதா சந்திரன் பொதுமக்கள் முன் ஒரு முறையீடு செய்தார். விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் தம் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டும்படி கூறப்படுவதாக வருந்தினார். பாதுகாப்புப் படையினர் மன்னிப்புக் கோரினர். நாடே கைதட்டிய கால் அது. வாயிற்படியிலோ அதைக் கழற்ற வேண்டியிருந்தது. தனிமனித வெற்றி எவ்வளவு பெரிதாயினும் வாயில்கள் தாமாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

திருவண்ணாமலையில் திருப்பணியாற்றும் நமக்கு இவ்வுண்மை நாள்தோறும் கண்முன் நிற்கிறது. இவ்வூர்க் கோயிலின் கிழக்கு இராஜகோபுரத்தில் 108 நாட்டியக் கரணங்கள் கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. குறையற்ற உடலின் அழகு அங்கே உறைந்து நிற்கிறது. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையிலோ, பௌர்ணமிதோறும் வெறுங்காலுடன் மக்கள் வெள்ளம் செல்ல, நடக்க இயலாதோர் சிலர் ஓரத்தில் அமர்ந்து கையேந்துகின்றனர். இவர்களுள் எவரும் மேடையேறி ஆடப்போவதில்லை. ‘மயூரி’யின் கதையை மட்டும் கேட்டுப் பழகிய செவி, “அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?” என்றே இவர்களைக் கேட்கும். வெற்றிக்கதை இவ்விதம் தோல்வியுற்றோர்மேல் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

இதற்கு மாற்றாக அண்டையிலுள்ள வேலூரில் ஒரு வாழ்க்கை உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். அவர் மீண்டும் நடக்கவேயில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று பயின்று திரும்பி, உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறையை வேலூரில் அமைத்தார். 1966ஆம் ஆண்டு அங்கே மறுவாழ்வு நிலையமும் உருவாயிற்று. 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரது வாழ்வில் இழந்தது திரும்பவில்லை. பிறருக்கோ வாயில் திறந்தது. திரையின் வெற்றி இலக்கணத்திற்கு இவ்வாழ்வு எளிதில் அடங்காது.

வேதாகமத்திலும் இவ்விலக்கணத்திற்கு அடங்காத ஒருவன் உளன். யோனத்தானின் மகன் மேவிபோசேத் தாவீதின் பந்தியில் இடம்பெறுகிறான். அவன் கால்கள் குணமாகவில்லை. அரசன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவன் இரு கால்களும் முடமானவன் என்னும் குறிப்போடுதான் அவ்வதிகாரம் நிறைவுறுகிறது. அலங்கார வாசலண்டையில் குதித்தெழுந்தவனைப் பற்றி நாம் பன்முறை பிரசங்கிக்கிறோம். குதிக்காமலே பந்தியில் அமர்ந்தவனைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்?

2024ஆம் ஆண்டு ஜூலையில், திரைப்படங்களில் உடற்குறையுடையோர் சித்திரிக்கப்படும் முறைபற்றி உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை அளித்தது. இழிவூட்டும் சொற்களைத் தவிர்க்கவும், அவர்களையே கலந்தாலோசிக்கவும் அது அறிவுறுத்தியது. திரைக்குச் சொல்லப்பட்டது நம் மேடைக்கும் பொருந்தும். குருடு, செவிடு, முடம் என்னும் சொற்களைப் பாவத்திற்கும் அவிசுவாசத்திற்கும் உவமையாக எளிதில் எடுத்தாளுகிறோம். முன்வரிசையில் கண் தெரியாத சகோதரி ஒருவர் அமர்ந்திருந்தால் அவ்வுவமை அவர் செவியில் எவ்வாறு விழும் என எண்ணுவதில்லை.

‘மயூரி’யைப் பார்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பார்த்தபின் நாம் கேட்கும் வினா மாற வேண்டும். “இவர் எவ்வாறு வென்றார்?” என்பதோடு நில்லாமல், “இவர் வருவதற்கு நம் ஆலயத்தில் எத்தனை படிகள் உள்ளன? இவர் பிரசங்கிக்க விரும்பினால் மேடைக்கு எவ்வழியாக ஏறுவார்? இறையியற்கல்விக்கு விண்ணப்பித்தால் நாம் யாது கூறுவோம்?” என்றும் கேட்பது தகும். அவ்வினாக்களுக்கு விடை காணும் சபையில், ஆட இயலாதவரும் தலைநிமிர்ந்து அமர்வர்.