பாம்பின் முன்னும் கோப்பின் முன்னும்

தீபா மேத்தாவின் ‘ஹெவன் ஆன் எர்த்’ (2008) படத்தை முதுகலை மாணவியரோடு மீண்டும் பார்த்தேன். இந்தியில் ‘விதேஷ்’ என்ற பெயரில் வந்த படம். பஞ்சாபிலிருந்து கனடாவின் பிராம்ப்டன் நகருக்கு மணப்பெண்ணாகப் போகும் சாந்த் (ப்ரீத்தி ஜிந்தா), அங்கே கணவன் ராக்கியிடம் அடிபடுகிறாள். படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “முதல் அடியிலேயே இவ ஏன் மேடம் கிளம்பி வரல?”

இருவர் பேசுவதும் ஒரே பஞ்சாபி. சாப்பாடும் சடங்கும்கூட ஒன்றுதான். ஆனால் ராக்கிக்குக் கனடா சொந்த நாடாகிவிட்டது. சாந்த் அவன் மனைவி என்பதால் மட்டுமே அங்கே இருக்கிறாள். நம் ஊரில் அடிபட்டவளுக்கு அம்மா வீட்டுக்குப் போக இரவுப் பேருந்தாவது உண்டு. இவளுக்கு வழியும் தெரியாது, கேட்க ஆளும் இல்லை.

நெருக்கடியான வீட்டில், அழுவதற்குக்கூடத் தனியிடம் இல்லாத வாழ்க்கையைப் படம் நன்றாகவே காட்டுகிறது. சலவைத் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் ஜமைக்காப் பெண் ரோசாதான் அவளுக்கு ஒரே துணை. கணவனை வசப்படுத்த அவள் ஒரு வேர் தருகிறாள். இங்கிருந்து கிரீஷ் கர்னாடின் ‘நாகமண்டலா’ (1988) கதைக்குள் நுழைகிறது; கணவன் உருவில் நாகம் வந்து அன்பு காட்டுகிறது.

கர்னாடின் ராணி நாகத்தைக் கையிலேந்திச் சத்தியம் செய்கிறாள். ஊர் அவளைத் தெய்வமாக்குகிறது; கணவனோடேயே வாழ்கிறாள். சாந்த்தும் பாம்பின்முன் தன்னை நிரூபிக்கிறாள், ஆனால் அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். மேத்தா செய்த இந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. என் மனக்குறை வேறு. அடித்தவன் சத்தியம் செய்ய வேண்டியதில்லை; அடிபட்டவளே நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் படம் அப்படியே விட்டுவிடுகிறது. வாசலைத் தாண்டியவள் எந்த உரிமையில் அந்த நாட்டில் நிற்பாள் என்றும் அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வி பின்னால் சட்டமாகவே வந்தது. 2012 அக்டோபரில் கனடா ஒரு விதி கொண்டுவந்தது. துணைவரின் பொறுப்பில் வருபவர், உறவு தொடங்கி இரண்டாண்டு நிறையாமலும் பொதுவான குழந்தை இல்லாமலும் இருந்தால், அவரோடு இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பறிபோகலாம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அதை அவர்களே கேட்டு, ஆதாரமும் காட்ட வேண்டும். பாம்பு இருந்த இடத்தில் ஒரு கோப்பு. பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்தன. 2017 ஏப்ரலில் விதி நீக்கப்பட்டது.

அந்த விதி நடப்பில் இருந்தபோது, டொராண்டோவுக்கு மணமாகிப் போன என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். நெடுநேரம் வேறு எதையெதையோ பேசினாள். கடைசியில் சொன்னாள்: “தழும்பு ஆறிடுச்சு மேடம். ஆறாம இருந்திருந்தா காட்டியிருக்கலாம்.”

தன் காயம் ஆறியதற்காக ஒரு பெண் வருந்தியதை அன்றுதான் கேட்டேன். ஏன் கிளம்பவில்லை என்று கேட்ட மாணவிக்கு இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் சாந்த்தைக் குறைசொல்லவில்லை.