இசையாக்க மென்பொருளும் பயிற்சி நூலும்: கோலார் தங்கவயல் தமிழ்க் கற்போரை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இசையை ஏட்டின் வழியே கற்க இயலுமா என்னும் வினா தமிழிசை உலகிற்குப் புதியதன்று. இசையைப் பதிவு செய்தல், தொகுத்தல், கலத்தல் ஆகிய பணிகளைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டபின் அவ்வினா வேறொரு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்திற்குப் பின்னர்க் கணிப்பொறிவழி இசையாக்கம் தமிழ்த் திரையிசையில் விரைந்து பரவியது. எனினும், அத்திறன் நெடுங்காலம் ஒலிப்பதிவுக் கூடங்களில் கைப்பழக்கமாகவே கைமாறி வந்தது. கூடமும் ஆசிரியரும் எட்டாத தொலைவில் இருப்போர்க்குப் பயிற்சி நூலே வாயில். அவ்வாயில் யாருக்காகத் திறந்துள்ளது என்பதைக் கோலார் தங்கவயல் தமிழ்க் கற்போரை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்கும் களம்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் வளர்ச்சியுற்ற தங்கச் சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்து குடியேறினர். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் இது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்புக்காகப் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று திரும்புவோர் ஊராகவும் தங்கவயல் மாறியது. வீட்டில் தமிழ் பேசிக் கல்வியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பெறும் தலைமுறைகள் இங்கு உருவாகியுள்ளன.

இம்மக்களுக்கு அச்சு நூல்வழிக் கல்வி அந்நியமானதன்று. அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் தொடங்கிய இதழை, அவர் 1914இல் மறைந்தபின், 1926இல் 'தமிழன்' என்னும் பெயரில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டது. கல்விக்கூடங்கள் எளிதில் இடந்தராத மக்கள் தம் வரலாற்றையும் சமயத்தையும் தம் மொழியில் அச்சிட்டுக் கற்ற ஊர் இது. ஆதலின், ஒரு பயிற்சி நூல் இவ்வூரார்க்குப் பயன்படுமா என்று வினவுவது பொருத்தமுடையதாகிறது.

பயிற்சி நூலின் அமைப்பு

எடுத்துக்காட்டாக, ஆப்பிள் நிறுவனத்தின் லாஜிக் புரோ மென்பொருளுக்கு டேவிட் நமானி எழுதிய பயிற்சி நூலைக் கொள்ளலாம். பீச்பிட் பதிப்பகம் வெளியிட்ட இந்நூல் மென்பொருளின் வளர்ச்சிக்கேற்பப் பல பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் தேவைப்படும் கோப்புகள், ஆகும் நேரம், அடையவேண்டிய குறிக்கோள்கள் ஆகியன கூறப்படுகின்றன. இறுதியில் மீள்பார்வை வினாக்களும் விடைகளும் இடம்பெறுகின்றன. முதற்பாடத்திலேயே, ஆயத்தமாக உள்ள இசைத்துணுக்குகளை அடுக்கிக் கற்பவர் ஒரு சிறு இசைக்கோவையை உருவாக்கிவிடுகிறார். அச்சம் நீக்கிக் கையைப் பழக்கும் இம்முறை இந்நூலின் தலையாய சிறப்பு எனலாம். தமிழில் கணிப்பொறிப் பாடநூல் எழுதுவோர் பின்பற்றத்தக்க ஒழுங்கும் இதுவே.

எனினும், இவ்வமைப்பிலேயே அதன் குறையும் அடங்கியுள்ளது. 'இதனைச் சொடுக்குக, அதனை இழுக்க' என்னும் ஏவல் தொடர்களால் ஆன பாடம், கணிப்பொறி முன்னிருந்தாலன்றிப் பொருள் தருவதில்லை. அக்கணிப்பொறியும் ஆப்பிள் நிறுவனத்தினதாக இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொடர்வண்டியில் செல்வோர்க்கு வாசிக்க நேரம் உண்டு. மடியில் கருவி இல்லை. செயல்முறையை மட்டும் கூறும் நூல் அவர்க்குப் பயன்படாது. கோட்பாட்டை விளக்கும் நூலே பயன்படும்.

ஒலியழுத்தி என்னும் கம்ப்ரசரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்பது செயல்முறை. வரம்பு −20 டெசிபல், விகிதம் 4:1 எனக் கொண்டால், −8 டெசிபலில் வரும் ஒலி வரம்பை 12 டெசிபல் கடக்கிறது. அம்மிகை நான்கில் ஒன்றாகி 3 டெசிபலாகக் குறைய, ஒலி −17 டெசிபலில் வெளிவருகிறது என்பது கோட்பாடு. பாடகர் உரக்கப் பாடும் இடமும் மெல்லப் பாடும் இடமும் நெருங்கி வருதற்கு இதுவே காரணம். இதனைத் தாளில் கணக்கிட்டே கற்கலாம். மென்பொருள் மாறினும் இவ்வறிவு மாறாது. குமிழின் இடத்தை மட்டும் கற்றவரோ அடுத்த பதிப்பில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

கமகமும் சுருதித் திருத்தமும்

இரண்டாவது குறை செவி பற்றியது. 2013இல் வெளிவந்த லாஜிக் புரோ எக்ஸில், பாடிய குரலைச் சுரம் சுரமாகப் பகுத்துத் திருத்தும் 'ஃபிளெக்ஸ் பிட்ச்' என்னும் வசதி இணைக்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்தின் விலகலையும் அசைவையும் இதனால் கூட்டவோ குறைக்கவோ இயலும். சுரம் நிலையாக நிற்கவேண்டும் என்னும் இசைமரபில் இவ்வசதி பிழை களையும் கருவியாகும். தோடியின் சாதாரண காந்தாரமோ ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைந்தே தன் உருவைப் பெறுவது. அவ்வசைவை விலகலெனக் கொண்டு நேராக்கினால் சுருதி நிற்கும், தோடி நில்லாது. இது மென்பொருளின் குற்றமன்று. எதனைத் திருத்தலாகாது என்று கற்பவர்க்குச் சொல்லாத நூலின் குறை.

தாளத்திற்கும் இது பொருந்தும். புதிய கோப்பு நான்கடி அளவிலும் நிமிடத்திற்கு 120 அடி என்னும் வேகத்திலும் திறக்கிறது. மூன்றும் நான்குமாக எழும் மிசிர சாப்பை அமைக்க மென்பொருள் தடை செய்வதில்லை. அதனை அமைத்துக் காட்டும் பாடமே தேவை. தீயில் காய்ச்சிய பறையைப் பதிவு செய்து, அதன் அடிகளைத் தனித்தனியே வெட்டி வரிசைப்படுத்தும் பாடம் ஒன்று இருப்பின், தங்கவயல் இளைஞர் தம் தெருவின் ஒலியையே பாடப்பொருளாகக் கொள்வர். ஆயத்தத் துணுக்குகளோடு நின்றுவிடும் பயிற்சி, பிறர் ஒலியை அடுக்கும் தொழிலாளரையே உருவாக்கும்.

இசைநூல் மரபு தரும் பாடம்

எழுத்தில் அடங்காததை எழுத்தில் தர முயன்ற முன்னோடிகள் தென்னகத்தில் உண்டு. சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 1904இல் தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்குத் தனிக்குறியீடுகளை வகுத்துச் சுரப்படுத்தினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தைத் தமிழில் வெளியிட்டுச் சுருதிக் கணக்கை விரிவாக ஆராய்ந்தார். அச்சு என்னும் அயல்கருவியை இருவரும் ஏற்றனர். ஆயின் தம் இசையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவில்லை. இசையின் தேவைக்கேற்பக் கருவியை விரித்தனர். மென்பொருட் பயிற்சி நூலுக்கும் இதுவே வழியாதல் வேண்டும்.

இசையைக் குருவிடமே கற்றல் வேண்டும் என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. செவியைப் பழக்கும் ஆசிரியருக்கு நூல் ஈடாகாது. ஆயின் ஆசிரியரை அடையும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒருபோதும் ஒத்து அமைந்ததில்லை. அக்குறையை ஓரளவேனும் நிரப்பும் கடமை நூலுக்கு உண்டு என்பது மறுக்கத்தக்கதன்று.

மொழியாக்கமும் கலைச்சொல்லும்

தமிழில் இத்தகைய நூல் இயற்றுவோர் பட்டியலிலுள்ள சொற்களைப் பெயர்ப்பதோடு அமைதல் போதாது. திரையில் ஆங்கிலச் சொல்லே நிற்பதால், பொத்தான்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் அவ்வாறே தருதல் நன்று. கற்பவர் தேடி இடர்ப்படார். கருத்துகளையோ தமிழில் விளக்குதல் வேண்டும். 'டிராக்' என்பதைத் தடம் என்றும் 'மிக்ஸிங்' என்பதைக் கலவை என்றும் கூறுவது எளிது. ஒரு தடத்தில் குரல் முன்னிற்கையில் மற்றொன்றில் வயலின் ஏன் ஒதுங்கவேண்டும் என்று கூறுவதே அரிது. பாடலில் பக்கவாத்தியம் அறிந்த தமிழர்க்கு அதனை விளக்கத் தமிழில் சொல் வறுமை இல்லை.

முடிவுரை

இன்றைய பயிற்சி நூல் கையைப் பழக்குகிறது. செவியைப் பழக்கும் பொறுப்பைக் கற்பவரிடமே விட்டுவிடுகிறது. கோட்பாட்டை முன்வைத்தல், கற்பவரின் இசையையே பாடப்பொருளாக்குதல், கருத்தைத் தாய்மொழியில் விளக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்த நூலே தங்கவயல் போன்ற ஊர்களுக்குப் பொருந்தும். 2018இல் வெளிவந்த கன்னடத் திரைப்படமாகிய 'கே.ஜி.எஃப்', 2024இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகிய 'தங்கலான்' ஆகியவற்றின் வழி இவ்வூர்ச் சுரங்கங்கள் நாடறிந்த கதைக்களமாயின. அக்கதைகளுக்கு இசையமைத்தோர் பிற ஊரினர். தம் கதைக்குத் தாமே இசையமைக்கும் தகுதியை இவ்வூரார் பெறுவதற்குரிய கருவிகளுள் நல்ல பயிற்சி நூலும் ஒன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் தம் வரலாற்றைத் தாமே அச்சிட்ட மக்களுக்கு அது பெரிய வேண்டுகோள் அன்று.